ஆர்க்கிடெக்சர், சிவில், எம்இபி (இயந்திரவியல், மின்சாரம், குழாய் அமைப்பு) மாணவர்களை ஒரே குழுவாக வைத்து மரக் கட்டிட வடிவமைப்பை எப்படிக் கற்பிக்கலாம்?

முழுக் கட்டிடத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஆர்க்கிடெக்சர் மாணவர் வரைந்துகொண்டே இருப்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். கடைசி வாரத்தில் சிவில் மாணவர் வந்து பீம் ஆழம் போதாது என்பார். அதற்குப் பெயர் கூட்டு வேலை இல்லை, தபால் பட்டுவாடா.

ஒரே ஒரு தளத்தின் குறுக்குவெட்டை 1:5 அளவில் கொடுங்கள். மரக் கட்டிடத்தில் எல்லாத் துறைகளும் மோதிக்கொள்வது அந்த ஒரு அடி உயரத்துக்குள்தான். கான்கிரீட் ஸ்லாப் தன் எடையாலும் எரியாத தன்மையாலுமே சத்தம், அதிர்வு, தீ மூன்றையும் பெருமளவு சமாளித்துவிடும். அதனால்தான் கான்கிரீட்டில் துறைகள் தனித்தனியாக வேலை செய்தும் தப்பித்துவிடுகின்றன. மரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

கணக்கோடு சொல்கிறேன். 160 மி.மீ. சிஎல்டி (பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடு), அடுக்குகள் 40/20/40/20/40, ஸ்பான் (தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரம்) 5 மீட்டர், இரு முனையிலும் சாதாரணத் தாங்கல். தகட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. சிவில் மாணவர் தளத்தின் இயல்பு அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை தானாக அதிரும் என்பது) கணக்கிட்டால் 13 ஹெர்ட்ஸ் வரும். யூரோகோடு 5 (மரக் கட்டிடங்களுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு, 2004 பதிப்பு) குடியிருப்புத் தளங்களுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் தனி ஆய்வு கேட்கிறது. 13 என்றால் நிம்மதி. இப்போது ஒலியியல் பொறுப்பில் இருப்பவர் வருகிறார். மேல்வீட்டுக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது, மெத்தைப் பலகைமேல் 5 செ.மீ. ஸ்க்ரீட் (சிமென்ட் கலவைப் பூச்சு) வேண்டும் என்கிறார். சதுர மீட்டருக்கு 120 கிலோ கூடுகிறது, அதிர்வெண் 8.2க்கு இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஆர்க்கிடெக்சர் மாணவர் அறையை அரை மீட்டர் அகலப்படுத்துகிறார்: 6.8. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் தளம் 8க்குக் கீழே போய்விட்டது. இந்த மூன்று எண்களையும் மாணவர்களே போட்டுப் பார்த்துவிட்டால், ஒத்துழைப்பைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து தீ. கூரையில் மரம் வெளியே தெரிய வேண்டும் என்பது எல்லா ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் ஆசை. கரியாகும் வேகம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ.; 60 நிமிடத்துக்கு 39. வெப்பத்தால் வலுவிழக்கும் 7 மி.மீ.யைச் சேர்த்தால் 46. அதாவது கீழ் 40 மி.மீ. அடுக்கு முழுதாகப் போய்விட்டது. அதற்கு மேலே உள்ள 20 குறுக்கு அடுக்கு, ஸ்பான் திசையில் உதவாது. மிஞ்சுவது 40/20/40, வளைவுத் திறன் பாதிக்கும் கீழே. 46தானே போனது, 114 மிச்சம் என்று கழித்துவிட்டுப் போவார்கள், அங்கே பிடியுங்கள். பசை எந்த வகை என்றும் கேட்கச் சொல்லுங்கள்: சூட்டில் அடுக்கு கழன்று விழும் பசையாக இருந்தால் அடுத்த அடுக்கு வேகமாக எரியும், மேலே போட்ட கணக்கே செல்லாது.

எம்இபி மாணவர்தான் வழக்கமாக ஓரங்கட்டப்படுபவர். அவரை முதல் வாரத்திலேயே நடுவில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. சிஎல்டியில் துளைகள் தொழிற்சாலையில் சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரத்தில் வெட்டப்பட்டு வருபவை. கட்டுமான இடத்தில் வைத்துக் குடைந்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆறு வாரப் பயிற்சி என்றால் நான்காம் வாரக் கடைசியில் வரைபடத்தைப் பூட்டுங்கள். ஐந்தாம் வாரம் நீங்களே ஒரு குண்டு போடுங்கள்: கழிவறைக் குழாய் 300 மி.மீ. நகர்கிறது. எந்தத் தகடு மாறும், எந்தக் கணக்கு மாறும், யார் சம்மதிக்க வேண்டும் என்று குழு ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தப் பக்கத்துக்கே போகட்டும். அழகான ரெண்டரிங்குக்கு (கணினியில் வரைந்த காட்சிப் படம்) போனால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

முன்மாதிரியாக வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராக் காமன்ஸ் மாணவர் விடுதியைக் காட்டலாம்: 18 மாடி, 53 மீட்டர், 2017இல் முடிந்தது. 169 மி.மீ. சிஎல்டி, 2.85 × 4 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தூண்கள்மேல் பீமே இல்லாமல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. பீம் இல்லாததால் குழாய்களுக்குத் தடையில்லை. மரமோ ஜிப்சம் போர்டுக்குள் மறைந்துவிட்டது. அனுமதி சுலபமாகக் கிடைக்கக் கொடுத்த விலை அது. மரவேலை மட்டும் 70 நாளுக்குள் முடிந்தது, எல்லாத் துறைகளும் முன்கூட்டியே ஒரே முப்பரிமாண மாதிரியில் சண்டை போட்டு முடித்திருந்ததால். விடுதிக்கு அந்தத் தூண் இடைவெளி சரி, வகுப்பறைக்கு ஒத்துவராது. அப்படியே நகலெடுக்க விடாதீர்கள்.

கார்பன் கணக்கில் அடிக்கடி நடக்கும் கோளாறு: மரம் உள்ளிழுத்த கார்பனை உற்பத்திக் கட்டத்தில் கழித்துவிட்டு, ஆயுள் முடிவில் அது வெளியேறுவதைச் சேர்க்காமல் விடுவது. இரண்டையும் தனித்தனி வரியில் காட்டாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஈரப்பதத்தையும் விட்டுவிடக் கூடாது. தொழிற்சாலையில் 12 சதவீதத்தில் வரும் பீம், கடலோரக் காற்றில் 16 வரை ஏறலாம். இழைக்குக் குறுக்கே ஒரு சதவீத ஈரத்துக்குச் சுமார் 0.25 சதவீதம் உப்பும், 600 மி.மீ. ஆழ பீமில் அது 6 மி.மீ. பீமின் மேலும் கீழும் போல்ட் போட்டு ஒரே இரும்புத் தகட்டில் இறுக்கியிருந்தால், மீண்டும் காய்ந்து சுருங்கும்போது மரம் இழையோடு பிளக்கலாம்.

கடைசி வாரம் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் ஒன்பதை அடுக்கி (162 மி.மீ., ஏறக்குறைய நம் சிஎல்டியின் கனம்) தளமும் சுவரும் சேரும் மூலையை முழு அளவில் செய்யச் சொல்லுங்கள். 45 டிகிரியில் திருகு வரைந்திருப்பார்கள்; டிரில்லின் தலை அங்கே நுழையாது. அந்தத் திருகை எங்கே மாற்றுவது என்பதை குழுவில் எல்லாரும் சேர்ந்துதான் முடிவு செய்ய முடியும்.