நெஞ்சில் தேங்கும் சளியை வீட்டிலேயே வெளியேற்றலாம்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. பதினைந்து வருடத்துக்கு முன்பு டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. இப்போது இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அரை டம்ளர் அளவுக்கு மஞ்சளாகச் சளி வருகிறது. எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம் இருமுகிறார். அப்புறம் களைத்துப் போய்ப் படுத்துவிடுகிறார். சி.டி. ஸ்கேனில் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ‘பிராங்கியெக்டேசிஸ்’ என்று வந்திருக்கிறது. சளியில் டிபி கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ‘செஸ்ட் பிசியோ’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கூட்டம் அதிகம், எப்படிச் செய்வது என்று கேட்க முடியவில்லை. முதுகில் தட்டினால் போதுமா? இரவு தூங்குவதற்காக இருமல் சிரப் கொடுக்கிறோம், சரியா? ஊதுகிற கருவி ஒன்று இருக்கிறதாமே, வாங்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த சிரப் பாட்டிலை எடுத்து லேபிளைப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், கோடீன் இந்த இரண்டில் ஏதாவது இருந்தால் அது இருமலை அடக்கும் மருந்து. உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம். வறட்டு இருமலுக்குக் கொடுக்கிற மருந்தைச் சளி இருமலுக்குக் கொடுத்தால், இரவு முழுக்க ஊறுகிற சளி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். காலையில் அவர் ஒரு மணி நேரம் போராடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிபி திரும்ப வந்துவிட்டதோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பரிசோதனையில் கிருமி இல்லை என்றால் இது பழைய டிபி விட்டுச் சென்ற தழும்பு. அந்த நோய் ஆறிய இடத்தில் மூச்சுக்குழாயின் சுவர் பலவீனமாகி, குழாய் அகலமாகிவிடுகிறது. இதைத்தான் பிராங்கியெக்டேசிஸ் என்கிறோம். நல்ல மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடியிழைகள் ஓயாமல் அசைந்து, சளியைத் தொண்டை வரைக்கும் ஏற்றிவிடும். அங்கே வந்ததை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். அகன்று போன குழாயில் அந்த இழைகள் அழிந்திருக்கும். சளி அங்கேயே நிற்கும், அதில் கிருமி வளரும், கிருமியால் சுவர் இன்னும் புண்ணாகும், புண்ணானதால் இன்னும் சளி ஊறும். இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. தேங்கிய சளியைத் தினமும் வெளியே எடுப்பதுதான் அதை உடைப்பதற்கு நம் கையில் இருக்கிற முதல் வழி.

உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. இந்தியா முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளைப் பதிவு செய்து 2019-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பழைய டிபிதான் காரணமாக இருந்தது. இது மற்றவருக்கு ஒட்டுகிற நோய் அல்ல. வீட்டில் அவருடைய தட்டையும் டம்ளரையும் யாராவது தனியாக ஒதுக்கி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே அதை மாற்றுங்கள். இருமல் சத்தத்துக்குக் கூச்சப்பட்டுக் கல்யாணம், கோயில் என்று எங்கும் போகாமல் வீட்டுக்குள் முடங்கிவிடுகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். அந்த முடக்கமே நுரையீரலுக்குக் கெடுதல்.

சரி, எப்படி வெளியேற்றுவது? டாக்டர் எழுதிய ‘செஸ்ட் பிசியோ’ அதற்கான பயிற்சிதான்.

பலமாக இருமினால் சளி வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பலவீனமான மூச்சுக்குழாயில் நடப்பது வேறு. மூச்சை அடக்கி ஓங்கி இருமும்போது நெஞ்சுக்குள் ஏற்படுகிற அழுத்தம் அந்தக் குழாயையே நசுக்கி மூடிவிடுகிறது. சளி அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். காற்று வராது, சளியும் வராது, விலா எலும்புதான் வலிக்கும். அதனால்தான் அம்மா ஒரு மணி நேரம் இருமியும் களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. இருமலுக்குப் பதிலாக நாங்கள் சொல்லிக்கொடுப்பது ‘ஹஃப்’ என்ற ஊதல். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஆவி படிய ஊதுவோமே, அதேதான். வாயும் தொண்டையும் திறந்தே இருக்க வேண்டும். வயிறு லேசாக உள்ளே இழுபட வேண்டும். தொண்டையில் கரகரவென்று உரசுகிற சத்தம் வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊதல் மட்டும் தனியாகப் போதாது, அதற்கு முன்னும் பின்னும் மூச்சு உண்டு. முழுவதையும் சொல்கிறேன். அம்மா நிமிர்ந்து உட்காரட்டும். தோளைத் தளர்த்தி, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் சாதாரணமாக, அவசரமில்லாமல் மூச்சு விடட்டும். அப்புறம் மூக்கு வழியாக நன்றாக ஆழமாக இழுத்து, மூன்று நொடி நிறுத்தி, அலட்டாமல் வெளியே விடட்டும். இப்படி மூன்று அல்லது நான்கு முறை. அந்த மூன்று நொடி முக்கியம். அப்போதுதான் அடைபட்ட குழாயைச் சுற்றியுள்ள சிறு வழிகளில் காற்று புகுந்து சளிக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. பின்னால் காற்று இருந்தால்தானே முன்னால் தள்ள முடியும்? மறுபடி கொஞ்சம் சாதாரண மூச்சு. அதன் பிறகு ஊதல். முதலில் நடுத்தரமாக மூச்சை இழுத்து, நீளமாக ஒரு ‘ஹா…’. இது அடியில் இருக்கிற சளியை நகர்த்தும். சளி மேலே வந்து நெஞ்சின் நடுவில் கடகடப்பது போல் தெரிந்ததும், ஆழமாக மூச்சை இழுத்து, குட்டையாக, கொஞ்சம் வேகமாக ஒரு ‘ஹா!’. சளி தொண்டைக்கு வந்துவிடும். ஒரே ஒரு இருமலில் துப்பிவிடலாம்.

ஊதலுக்குப் பிறகு உடனே அடுத்த ஊதலுக்குப் போக வேண்டாம். நடுவில் சாதாரண மூச்சு கட்டாயம். அதை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருந்தால் குழாய் இறுகி வீசிங் வந்துவிடும். இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்து, அடுத்தடுத்து இரண்டு சுற்றில் ஊதல் காய்ந்த சத்தத்தோடு வந்தால், சளியும் வரவில்லை என்றால், அன்றைக்கு அவ்வளவுதான். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். காலையில் பலகாரம் சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. சாப்பிட்ட உடனே செய்தால் வாந்தி வரும்.

அடுத்தது படுக்கிற பக்கம். சளி இருக்கிற பகுதி மேலே இருந்தால், அது பெரிய குழாயை நோக்கித் தானாக வழியும். அம்மாவுக்கு இடது பக்கம் என்பதால், வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இடது நெஞ்சு மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு ஆழமூச்சும் ஊதலும் செய்யலாம். துப்பும்போது எழுந்து உட்காரட்டும். கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பது பழைய முறை. நெஞ்செரிச்சல், கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மூச்சிரைப்பு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. சமமாகப் படுத்துச் செய்தாலே பலருக்குப் போதிய சளி வந்துவிடுகிறது, அதனால் நான் தலையைத் தாழ்த்தச் சொல்வதே அபூர்வம்.

முதுகில் தட்டுவது பற்றிக் கேட்டீர்கள். தானாக மூச்சுப் பயிற்சி செய்ய முடியாத சின்னக் குழந்தைகளுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் அது உதவும். உங்கள் அம்மா தானே செய்துகொள்ளக் கூடியவர். தட்டுவதற்கு மகள் வரும் வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களை ஓங்கித் தட்டினால் விலா எலும்பில் கீறல் விழவும் கூடும்.

இன்னொன்று, இதை அம்மாவிடம் நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். நீண்ட நாள் இருமுகிற பெண்கள் பலருக்கு, இருமும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசியும். வெளியே சொல்ல மாட்டார்கள். கசிவுக்குப் பயந்து இருமலை அடக்குவார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், பயிற்சியையும் விட்டுவிடுவார்கள். ‘அம்மா பயிற்சியே செய்ய மாட்டேன் என்கிறார்’ என்று பிள்ளைகள் குறை சொல்லும்போது, காரணம் இதுவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்கு வழி இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஊதுவதற்குச் சற்று முன், சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கிப் பிடித்து, ஊதி முடித்ததும் தளர்த்த வேண்டும். இதே தசைப் பயிற்சியைத் தினமும் தனியாகவும் செய்தால் சில மாதங்களில் கசிவு குறையும். பயிற்சிக்கு முன் கழிவறைக்குப் போய்வந்துவிட்டால் மனதுக்கும் தைரியமாக இருக்கும்.

மருந்துக்கும் ஒரு வரிசை உண்டு. குழாயை விரிக்கிற இன்ஹேலர் டாக்டர் எழுதியிருந்தால் அது முதலில், 10-15 நிமிடம் கழித்துப் பயிற்சி. ஸ்டீராய்டு இன்ஹேலரோ, நெபுலைசரில் (மருந்தை மெல்லிய ஆவிபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) வைக்கிற ஆன்டிபயாடிக்கோ இருந்தால் சளியை எடுத்த பிறகு. சளி மேல் மருந்து படிந்து என்ன பயன்? கோழை கெட்டியாக இருந்தால் 3% உப்பு நீரை நெபுலைசரில் வைப்பது சிலருக்கு உதவும். ஆனால் சிலருக்கு அதுவே குழாயை இறுக்கிவிடும் என்பதால், முதல் தடவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டில். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம், நுரையீரலின் அடியில் இருக்கிற சளிக்கு அது எட்டாது. கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிற எனக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை.

ஊதுகிற கருவி நல்லதுதான். ஃப்ளட்டர், அக்கப்பெல்லா, ஏரோபிக்கா என்று பல பெயரில் வருகிறது. ஃப்ளட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு கூம்பும் அதன் மேல் ஒரு இரும்புக் குண்டும்தான். ஊதும்போது குண்டு துள்ளும், அந்த அதிர்வு மூச்சுக்குழாய் வரை போய்ச் சளியைச் சுவரிலிருந்து பிரிக்கும். ஊதும் எதிர்ப்பால் குழாயும் மூடாமல் திறந்திருக்கும். ஆனால் கருவியில் ஊதிய பிறகும் ‘ஹா’ போட்டால்தான் சளி வெளியே வரும். ஆகவே முதலில் காசில்லாத பயிற்சியை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்யட்டும். அதில் போதாவிட்டால் வாங்கலாம். மூன்று உருண்டை மேலே ஏறுகிற, உறிஞ்சுகிற கருவியைக் கடையில் கொடுத்துவிடுவார்கள். அது ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுப்பது, இந்த வேலையைச் செய்யாது. எந்தக் கருவியானாலும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் மறுபடி வாயில் வைக்க வேண்டும். எந்தெந்தப் பாகத்தைக் கொதிக்க வைக்கலாம் என்பது அதன் பெட்டியில் இருக்கும்.

தினமும் வருகிற சளி எவ்வளவு, என்ன நிறம் என்பதை அம்மாவே கவனித்து வைத்துக்கொள்ளட்டும். மூடி போட்ட டப்பாவில் துப்பி, கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடலாம். அளவு திடீரென்று கூடினால், பச்சையாகிக் கெட்டியானால், காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால், புதுத் தொற்று என்று பொருள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் சளியைக் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும், அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிற பரிசோதனைக்கு. இந்த நோய்க்கு வழக்கமாக 14 நாள் மருந்து தேவைப்படும், மூன்று நாளில் நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில, டிபி கிருமியையும் அரைகுறையாக அடக்கி, பரிசோதனையில் தெரியாமல் மறைத்துவிடும். எடை குறைகிறது, மாலையில் காய்ச்சல் வருகிறது என்றால் டிபிக்கு மறுபடி பார்த்துவிட வேண்டும், கல்ச்சர் உட்பட.

சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் தட்டுவது, ஓங்கி ஊதுவது எல்லாவற்றையும் அன்று நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் தனி ரத்தமாக வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கொட்டுகிற அளவுக்கு வந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, அம்மாவை இடது பக்கமாக, அதாவது நோயுள்ள பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். சளி எடுக்கப் படுத்ததற்கு இது நேர் எதிர். ரத்தம் வழிந்து நல்ல நுரையீரலை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக.

நடைப்பயிற்சியும் சளியை நகர்த்தும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். வீட்டில் விறகடுப்புப் புகை இருந்தால் அம்மாவை அதிலிருந்து விலக்கி வையுங்கள். விறகுப் புகையாலும் பீடியாலும் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வந்து, தினமும் சளி துப்புகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே பயிற்சி உதவும். சளியே இல்லாத வறட்டு இருமல்காரர்களுக்கு இதனால் பயனில்லை. இன்ஃப்ளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நான் எழுதியதைப் படித்துத் தொடங்கலாம், ஆனால் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். ஊதுகிற வேகம் சரியா என்பது பக்கத்தில் இருந்து கேட்பவருக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பக்கம் மதுரை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாமல் சி.டி. ஸ்கேன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் படுக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அங்கே அம்மா செய்வதை உங்கள் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால், வீட்டில் சந்தேகம் வரும்போது போட்டுப் பார்க்கலாம்.