தோட்டாவை மீண்டும் நிரப்புதல்: ஏறிய விலையும் நம் ஊர்ச் சட்டமும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறார். வார இறுதியில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குச் செல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பி மறுபடியும் பயன்படுத்துகிறார். சிக்கனத்துக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் இப்போது புதுத் தோட்டா வாங்குவதற்கு நிகராகச் செலவு வைக்கிறது என்று வருந்துகிறார். கூடு கையிலேயே இருக்கும்போது விலை எங்கிருந்து ஏறுகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: ஒரு தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்பட்டு மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே நிரப்பப்படும் புகையிலா மருந்து, முனையில் அமரும் குண்டு. இவற்றுள் கூடு மட்டுமே திரும்பப் பயன்படுவது. மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியாக வேண்டும். அந்த மூன்றும்தாம் விலை ஏறியவை.

முதலில் மருந்து. புகையிலா மருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சைப் பிரித்தெடுத்த பின்னும் பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறு இழைகளை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் பதப்படுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான போர் தொடங்கியதிலிருந்து, பீரங்கிக் குண்டுகளுக்காக உலகெங்கும் இதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டுவிட்டது. ஒரு பெரிய பீரங்கிக் குண்டை ஏவ மருந்து கிலோக் கணக்கில் செலவாகும் என்பதையும், மைதானத்தில் சுடும் ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அரைக் கிராம்கூடத் தேவைப்படாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இராணுவக் கொள்முதலுக்கு முன் பொழுதுபோக்காளரின் தேவை ஏன் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது என்பது விளங்கும். அந்தக் குறு இழையிலும் பெரும்பகுதிக்கு ஐரோப்பிய ஆலைகள் சீனாவை நம்பியிருக்கின்றன. ஆகவே இழை, அமிலம், ஆலை ஆகிய மூன்றில் எது தடைப்பட்டாலும் மருந்து டப்பாவின் விலையில் அது தெரிந்துவிடுகிறது. புதிய ஆலை கட்டுவது ஓரிரு மாதத்தில் முடிகிற வேலையும் அன்று. வெடிபொருள் ஆலைக்குரிய பாதுகாப்பு இடைவெளி, அனுமதி, பயிற்சி பெற்ற ஆள்கள் என்று அதற்கு ஆண்டுகள் ஆகும்.

அடுத்தது பிரைமர். நெருக்கடி முதலில் தோன்றியது இங்கேதான். 2020இல் பெருந்தொற்றுக் காலத்து அச்சத்தில் அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் ஏராளம். அதே ஆண்டில் துப்பாக்கியும் தோட்டாவும் தயாரித்துவந்த ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி, அதன் தோட்டாப் பிரிவு வேறு கைக்கு மாறியது. அந்நாட்டில் பிரைமரைப் பெருமளவில் தயாரிக்கும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. தேவை உயர்ந்தபோது அவை தம் பிரைமர்களைத் தம்முடைய புதுத் தோட்டாக்களுக்கே முதலில் பயன்படுத்திக்கொண்டன. தனியாக விற்பனைக்கு வந்தது மிச்சம்தான். பிரைமர் கலவையில் ஆன்டிமனி என்ற தனிமத்தின் சேர்மமான ஆன்டிமனி சல்பைடும் சேர்கிறது. ஆன்டிமனி ஏற்றுமதிக்குச் சீனா 2024 செப்டம்பரில் கட்டுப்பாடு விதித்து, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடைசெய்தபோது, ஏற்கெனவே ஏறியிருந்த விலை இறங்குவதற்கான வாய்ப்பும் குறைந்தது. ஈயக் குண்டைக் கடினமாக்கவும் இதே ஆன்டிமனிதான் சேர்க்கப்படுகிறது. குண்டின் மேலுறைக்கும் கூட்டின் பித்தளைக்கும் செம்பு வேண்டும். அதன் விலை 2024 மே மாதத்தில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது.

இனி உங்கள் மருமகனின் கணக்குக்கு வருவோம். மருந்து ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன் (தோட்டா மருந்தை அளக்கும் சிறு எடை அலகு). 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஏறத்தாழ 5 கிரெய்ன் போதும் என்பதால் ஒரு பவுண்டில் 1,400 தோட்டாக்கள் கிடைக்கும். 0.308 அங்குல ரைபிள் தோட்டாவுக்கோ நாற்பதுக்கும் மேல் தேவைப்படுவதால் 160க்குச் சற்று அதிகமாகத்தான் தேறும். பவுண்டு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், கைத்துப்பாக்கிக்கு மருந்துச் செலவு தோட்டாவுக்கு 4 சென்ட்டுக்கும் குறைவு. ரைபிளுக்கு 30 சென்ட். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அவரைப் பாதிப்பது பிரைமரும் குண்டும்தான். முன்பு ஆயிரம் பிரைமர் 30 டாலர் அளவில் கிடைத்தது. பின்னர் அது இருமடங்குக்கும் மேல் ஏறியது. ஆலையில் தயாரான 9 மி.மீ. தோட்டா மிகப் பெரிய அளவில் உற்பத்தியாவதால் மலிவாகக் கிடைக்கிறது. அதனோடு போட்டியிட்டு வீட்டில் மிச்சம் பிடிப்பது இனிக் கடினம். துல்லியமாகச் சுடுவதற்குரிய ரைபிள் தோட்டாக்கள் கடையில் விலை மிக அதிகம் என்பதால் அவற்றில் இன்றும் கணிசமாக மிச்சமாகும். எனவே அவர் எல்லாவற்றையும் நிரப்புவதை விட்டு, ரைபிளுக்கு மட்டும் நிரப்பலாம். மருந்தும் பிரைமரும் அபாயகரமான சரக்கு என்று ஒவ்வொரு பொதிக்கும் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் அந்தக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். குறித்த மருந்து கிடைக்கவில்லை என்பதற்காகக் கையில் கிடைத்த வேறொரு மருந்தை அதே அளவில் நிரப்பக் கூடாது. எரியும் வேகம் மருந்துக்கு மருந்து மாறும். தவறினால் துப்பாக்கி முகத்துக்கு அருகிலேயே வெடித்துச் சிதறும். தயாரிப்பாளர் வெளியிட்ட அளவு அட்டவணையில் அந்த மருந்துக்குக் கணக்கு இருந்தால் அதன்படி. இல்லையென்றால் காத்திருப்பது நல்லது.

கேள்வி: நாகர்கோவிலைச் சேர்ந்த நாங்கள் சிலர் 0.22 அங்குல ரைபிளில் பயிற்சி பெறுகிறோம். வெளிநாட்டுத் தோட்டாவின் விலை கட்டுப்படியாகவில்லை. நாங்களும் கூடுகளைச் சேர்த்து மீண்டும் நிரப்ப வழி உண்டா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. சட்டம் இருக்கட்டும், அந்தத் தோட்டாவின் அமைப்பே அதற்கு இடம் தராது. 0.22 தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடும் என்பதால், அந்தக் கூடு ஒருமுறை சுட்டால் தீர்ந்தது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள், 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் இந்த வகைத் தோட்டாவில்தான் நடக்கின்றன. ஆகவே உங்களைப் போல் பயிற்சி பெறுபவர்களுக்கு மறுநிரப்பல் என்பது விடையே ஆகாது.

உங்கள் சுமைக்குக் காரணம் மூலப்பொருள் விலை மட்டுமன்று. டாலருக்கும் யூரோவுக்கும் எதிராக ரூபாய் இறங்கும் ஒவ்வொரு முறையும் இறக்குமதித் தோட்டா தானாகவே ஏறிவிடுகிறது. போட்டிக்கு மட்டும் உயர்தரத் தோட்டாவை வைத்துக்கொண்டு, அன்றாடப் பயிற்சிக்கு அதற்கடுத்த தரத்தைப் பயன்படுத்துங்கள். தனித்தனியாக அலையாமல் துப்பாக்கி சுடும் சங்கத்தின் வழியாக ஆண்டுத் தேவையை முன்கூட்டியே சேர்த்துக் கேளுங்கள். திறமையுள்ள ஒரு பிள்ளை தோட்டா வாங்க வழியில்லாமல் விளையாட்டை விடுவது மாவட்டத்துக்கே இழப்பு என்பதை மாவட்ட, மாநிலச் சங்கங்கள் உணர்ந்து, பொதுக் கொள்முதலை அவையே முன்னின்று செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: படையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். உரிமம் பெற்ற 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி வைத்திருக்கிறேன். சுட்ட கூடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஈய ரவையும் தக்கையும் கிடைத்தால் நானே நிரப்பிக்கொள்ளலாமா? பட்டாசு மருந்து போதும் என்கிறார் ஒரு நண்பர்.
– தக்கலை வாசகர்

பதில்: நண்பரின் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். ஒளிக்கும் ஓசைக்கும் என்று கலக்கப்பட்ட பட்டாசு மருந்து குழலுக்குள் எந்த அழுத்தத்தை உண்டாக்கும் என்பதை எவராலும் கணித்துச் சொல்ல முடியாது. சிவகாசியில் அந்தக் கலவையைக் கையாளும் அனுபவசாலிகளே உயிரிழப்பதை ஆண்டுதோறும் செய்தியில் காண்கிறோம்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிக்கலம் (ammunition – தோட்டா முதலியவை) என்ற வரையறைக்குள் அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் கருவிகளையும்கூடச் சேர்த்திருக்கிறது. தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பெற்ற உரிமம் அதற்குப் போதாது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் தயாரித்தால் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. ஆயுள் வரையிலும் நீளலாம். நாட்டுக்கு உழைத்த ஒருவர் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அந்த நிலைக்கு வரக் கூடாது. கூடுகளை என்ன செய்வது என்று உங்களுக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைபிள் பயில்கிறாள். பெல்லட் (அதில் சுடும் சிறு ஈயக் குண்டு) செலவை எப்படிக் குறைப்பது?
– தாய் ஒருவர், குழித்துறை

பதில்: இங்கு மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை, 4.5 மி.மீ. ஈய பெல்லட் மட்டுமே. ஆகவே மேலே சொன்ன ஏற்றம் உங்களை முழுமையாகத் தாக்காது. பெல்லட் இல்லாமல் குறிபார்த்து விசையை மட்டும் இழுக்கும் வெற்றுப் பயிற்சியை வீட்டில் நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். உடல் நிலை, மூச்சு, விரலின் அழுத்தம் ஆகிய மூன்றும் அதில்தான் செம்மைப்படுகின்றன. உலகத் தரத்து வீரர்களும் அதை விடுவதில்லை. போட்டி ரைபிள்களில் அதற்கென்றே தனி அமைப்பு உண்டு. அது இல்லாத ரைபிளில் வெறுமனே விசையை இழுத்தால் பழுதாகக்கூடும் என்பதால், முதலில் பயிற்சியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது பிரைமரும் மருந்தும் கொஞ்சம் கொண்டுவந்தால் என்ன?
– குளச்சல் வாசகர்

பதில்: விமானத்தில் உதிரி மருந்தையும் பிரைமரையும் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, ஏற்றவே கூடாது. முழுத் தோட்டாவுக்குக்கூட விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும்; அதிலும் ஆளுக்கு 5 கிலோ வரைதான். அனுமதி பெற்று ஏற்றினாலும், இந்தியாவுக்குள் கொண்டுவர உரிமம் தனியாகத் தேவை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும் நம் குமரி மாவட்டத்தார், பழைய பையின் மூலையில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரேயொரு தோட்டாவுக்காகவும் வழக்கில் சிக்க நேரிடலாம். உறவினரிடம் எதையும் கேட்காதீர்கள். அவர் சுடும் பழக்கம் உள்ளவர் என்றால், புறப்படுமுன் பைகளை ஒருமுறை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.