"என் உடம்பு, என் இஷ்டம்" என்னும் மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

மகனுக்குப் பதினைந்து வயது, சுகாதாரம் பற்றி எது சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவுரையை நிறுத்திவிட்டு அவனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். மூடாத டிரம், பழைய டயர், உடைந்த வாளி ஏதாவது நிச்சயம் இருக்கும். தேங்கிய நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கும் கொசுப் புழுக்களை அவனே பார்க்கட்டும்.

பிறகு விளக்குங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டை காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் ஆகும். அது வெகுதூரம் பறப்பதில்லை. ஆக, கடிபடுவது பாட்டியும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும்தான். டெங்குக் காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள் படுப்பது பிறருக்காகத்தான்: அவரைக் கடிக்கும் கொசு சில நாட்களில் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும்.

பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இந்த வயதில் அது வீம்பைத்தான் வளர்க்கும். பொறுப்பைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை டிரம் தேய்ப்பதும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டைக் காலி செய்வதும் அவன் வேலையாக இருக்கட்டும். சிகரெட் புகை, இருமும்போது வாய் மூடுவது பற்றியெல்லாம் அதன்பின் பேசுங்கள், காது கொடுப்பான்.