தோல், தண்ணீர், அகச்சிவப்பு – கடிதம்

அன்புள்ள சார்,

ஆம்பூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஷூ தோல் துண்டு ஒன்றை, ஏடிஆர் (மாதிரியை வைரப் படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் பாகம்) பொருத்திய எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் வைத்தேன். தோலின் புரதமான கொலாஜன் வரவே இல்லை. பிளாஸ்டிக் மாதிரி 1730 செ.மீ⁻¹-இல் பெரிய பீக். அப்பா இருபது வருடமாக டேனரியில் இருப்பவர், அசல் தோல்தான் என்று சத்தியம் செய்கிறார். அப்புறம், பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் இருக்கிறதா என்று இதே கருவியில் பார்க்கலாமா?

ஆர்., ஆம்பூர்

அன்புள்ள ஆர்.,

அப்பா சொல்வது சரி. ஏடிஆரில் கதிர் வைரத்துக்குள்ளேயே பட்டுத் திரும்பிவிடும். வெளியே கசிவது ஒன்றிரண்டு மைக்ரான் ஆழத்துக்குத்தான். தோல் மேல் அடிக்கும் ஃபினிஷ் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு தடிமன். நீங்கள் பார்த்தது அந்த அக்ரிலிக்கோ பாலியூரித்தேனோ, அதன் கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு). துண்டைத் திருப்பிச் சதைப்பக்கத்தை அழுத்துங்கள். 1650, 1550 பக்கம் கொலாஜனின் அமைடு பீக் இரண்டும் வரும். கூடவே 1740-இல் சின்ன மேடு தெரிந்தால் குழம்ப வேண்டாம், தோலை மிருதுவாக்க ஏற்றும் எண்ணெய் அது.

உங்களை ஏமாற்றிய இந்த ஆழமின்மைதான் கரைசலில் உதவுகிறது. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதுவும் 1640-இல், அமைடு வரும் அதே இடத்தில். கதிர் ஒரு மைக்ரான் அளவே நுழைவதால்தான் தண்ணீரின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்க முடிகிறது.

ஆனால் கிணற்றுத் தண்ணீருக்கு இது ஆகாது. ஆற்றில் விடும் கழிவுநீரிலேயே அறுமதிப்புக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவ்வளவு சொற்பம் ஏடிஆர் கண்ணில் படாது. டைஃபீனைல் கார்பசைடு விட்டு, வரும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அப்பா கையாளும் வெட் ப்ளூவில் (குரோமியத்தால் பதனிட்ட ஈரத் தோல்) இருப்பது மும்மதிப்புக் குரோமியம். அது இந்தச் சோதனையில் நேரடியாக நிறம் தராது.

குரோமியம் எவ்வளவு என்பதை விட்டு, அது இரும்பு ஆக்சைடில் எப்படி ஒட்டுகிறது என்று கேட்டால் அகச்சிவப்புக்கு வேலை உண்டு. ராணிப்பேட்டைக் குரோமேட் (அறுமதிப்புக் குரோமியத்தின் உப்பு) கழிவை அறிந்த ஊர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ப்ராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. ஏடிஆர் படிகத்தின் மேல் இரும்பு ஆக்சைடை மெல்லிய படலமாகக் காயவைத்து, அதன் மேல் குரோமேட் கரைசலை மெதுவாக ஓட விடுங்கள். தண்ணீரில் தனியாகத் திரியும் குரோமேட் சமச்சீரான நான்முகி. 880 அருகே ஒரே பீக். இரும்பைப் பிடித்துக்கொண்டதும் சமச்சீர் கெட்டு, அது இரண்டு மூன்றாகப் பிரியும். எத்தனையாகப் பிரிகிறது, எங்கே நகர்கிறது என்பதை வைத்து ஒரு கையால் (ஒரு பிணைப்பால்) பிடித்திருக்கிறதா இரண்டு கையாலா என்று வாதாடலாம். பிஎச்சை மாற்றி மாற்றி எடுங்கள், சுவாரசியமே அதில்தான்.

குரோமேட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மிஞ்சும் கரைசலைச் சிங்கில் ஊற்ற வேண்டாம்.