420 இல்லாத சட்டம்

கேள்வி: பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. இனிமேல் ஏமாற்றுக்காரனை '420' என்று சொல்வது தப்புத்தானே? – வாசகர், கரூர்

பதில்: சட்டப்படி பார்த்தால் தப்புத்தான். 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. ஒருவரை ஏமாற்றி அவருடைய பணத்தையோ பொருளையோ கைமாற்றிக்கொள்வது 420. ஏழு வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகிவிட்டது. புதுச் சட்டமோ 358-ஆவது பிரிவோடு முடிந்துவிடுகிறது. எவ்வளவு புரட்டினாலும் அதில் 420 கிடைக்காது.

ஆனால் யாரிடமாவது போய் "அவன் ஒரு 318" என்று சொல்லிப் பாருங்கள், விளங்காது. வக்கீல் குமாஸ்தாவாக 31 வருடம் இந்த எண்களோடுதான் நான் இருந்து வருகிறேன். சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர்கள், வேலை வாங்கித் தருகிறேன் என்றவனிடம் நகையை விற்றுக் கொடுத்தவர்கள் எல்லோரும் படியேறி வந்ததும் முதலில் சொல்வது, "ஐயா, ஒரு ஃபோர் ட்வென்டிகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்பதுதான். அவர்களில் பலர் சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. அந்த எண்ணை அவர்களுக்குக் கொடுத்தது அப்பா, தாத்தா காலத்துப் பேச்சு. அதை ஒரு அரசிதழ் அறிவிப்பால் எடுத்துவிட முடியாது. அதோடு, 2024 ஜூலைக்கு முன்னால் நடந்த மோசடிகளுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் கேஸ் கட்டுகளில் 420 இன்னும் பல வருடம் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா தண்டனைச் சட்டங்களும் அதே மூலத்திலிருந்து வந்தவை. அங்கே இன்றும் மோசடிக்கு 420-தான்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் 420 என்றதும் நண்பர்கள் வேறு மாதிரி பார்த்தார்களாம். ஏன்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அங்கே அது கஞ்சாவைக் குறிக்கும் எண். 1971-இல் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவர்கள் சிலர் சாயங்காலம் 4:20-க்குக் கூடியதிலிருந்து பரவியது. மகன் பேசியது மோசடியைப் பற்றி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விளக்கிச் சொன்னால் போதும்.

கேள்வி: பிரிவு எண் மாறியதால் சாதாரண மக்களுக்கு என்ன கஷ்டம்? அதெல்லாம் வக்கீல்கள் பாடுதானே? – வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. நான் பார்த்ததையே சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் ஆபீசுக்கு அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்தார். மகன் கைவிட்டுவிட்டதால் பராமரிப்புத் தொகை கேட்டு மனுப் போட்டிருந்தோம். மனு நகலைக் கையில் வாங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நூத்தி நாப்பத்தி நாலுன்னு போட்டிருக்கே. எம்மகன் வீட்டுப் பக்கமே நான் போகக் கூடாதுங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் பயந்ததில் தப்பே இல்லை. 144 என்றால் தடை உத்தரவு, நாலு பேர் கூடினால் போலீஸ். கலவரக் காலத்தில் கேட்டது, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. ஆனால் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பராமரிப்புத் தொகை கேட்கும் பழைய 125-தான் இப்போது 144. அடைக்கலம் கேட்டு வந்தவர் கையில், விரட்டுகிற எண்!

எண்ணைப் பார்த்ததும் மக்கள் படிப்பது பிரிவை அல்ல, தாங்கள் பட்டதை. அதனால் நோட்டீஸ் அனுப்புகிறவர்களையும் மனு எழுதுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை தமிழிலும் எழுதுங்கள். அரை நிமிட வேலை அது.

அன்றைக்கு அந்த நகலை வாங்கி, 144-க்கு மேலே பென்சிலால் 'மகன் தர வேண்டிய பராமரிப்புத் தொகை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். "பேனாவுல எழுதிக் குடு தம்பி, அழிஞ்சிரப் போகுது" என்றார்.