தட்டு சுழலட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ப்ளூ நோட் ஜாஸ் ரெக்கார்டு ஒன்றுக்கு மூன்று மறுபதிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று பாதி விலை. மூன்றிலும் ‘180 கிராம்’ என்றே போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், ஓசூர்

180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை. ஒலிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. நன்றாக அச்சிட்ட 140 கிராம் தட்டு, மோசமாக அச்சிட்ட 180-ஐ விட நன்றாகவே பாடும். அந்தத் தட்டை எதிலிருந்து வெட்டினார்கள் என்று பாருங்கள். மாஸ்டர் டேப்பிலிருந்து, அதாவது அசல் ஒலிப்பதிவு நாடாவிலிருந்து என்று உறையில் எழுதி, மாஸ்டரிங் (தட்டுக்கேற்ப ஒலியைச் சீராக்கும் வேலை) செய்தவர் பெயரையும் போட்டிருந்தால் நம்பலாம்.

1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்காமல், சிடியிலிருந்து எடுத்து அச்சிட்டு விற்க அங்கே தடையில்லை. பாதி விலைப் பதிப்பு பெரும்பாலும் இந்த ரகம். உறை பளபளக்கும், மாஸ்டரிங் விவரம் மட்டும் இருக்காது.

ப்ளூ நோட் நிறுவனமே விடுபவற்றில் ‘டோன் போயட்’, ‘கிளாசிக் வினைல்’ என்று இரு வரிசைகள். இரண்டுக்கும் மாஸ்டரிங் கெவின் கிரே. முன்னதற்குத் தடித்த அட்டை, விரித்துப் பார்க்கும் உறை, அதற்கேற்ற விலை. உறை முக்கியமில்லை என்றால் கிளாசிக் வினைல் போதும். மிச்சப் பணத்தில் இன்னொரு தட்டு வாங்கலாம்.

கேள்வி: ரெகே, ஆப்பிரிக்க இசை கேட்க ஆசை. யார் பெயரும் தெரியாது. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பாடகரை விடுங்கள், லேபிளைப் பிடியுங்கள்; லேபிள் என்றால் தட்டை வெளியிடும் நிறுவனம். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய தட்டுகளுக்கு ஜெர்மனியின் அனலாக் ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவுக்கு ‘எதியோபிக்ஸ்’ வரிசை. ரெகே பிறந்த ஜமைக்காவின் ஸ்டூடியோ ஒன் நிறுவனப் பாடல்களுக்கு லண்டனின் சோல் ஜாஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையும் பிடித்தால், மறந்துபோன பழைய சோலுக்கு சிகாகோவின் நியூமெரோ குரூப், புது சோலுக்கு புரூக்ளினின் டாப்டோன். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனை இணையதளத்தில் இந்த லேபிள்களை ‘ஃபாலோ’ செய்துவைத்தால் புது வெளியீட்டுச் செய்தி மின்னஞ்சலில் வந்துவிடும். காசு கொடுக்கும் முன் பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, பின்னட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் படியுங்கள். நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டிக்கு டிரம்ஸ் வாசித்தவர் டோனி ஆலன். அவர் பெயரைப் பின்தொடர்ந்தால், தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவுடன் 2010-இல் பதிவுசெய்து 2020-இல் வெளிவந்த ஆல்பத்தில் போய் நிற்பீர்கள். பம்பை கேட்டு வளர்ந்த காதுக்கு ஆலனின் அடி அந்நியமாகத் தோன்றாது.

ரெகேவில் ஒரு விஷயம் குழப்பும். ஒரே தாளக்கட்டின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டு பாடியிருப்பார்கள். தட்டின் மறுபக்கம் ‘வெர்ஷன்’ என்றிருந்தால் குரலைக் குறைத்து பேஸையும் டிரம்ஸையும் முன்னே தள்ளிய வடிவம். அச்சுப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பல பாடல்களுக்கு மாஸ்டர் டேப் தொலைந்துபோனதால் பழைய தட்டிலிருந்தே மறுபதிப்பு செய்கிறார்கள். கொஞ்சம் கரகரப்பு இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: மூடிய மைக் செட் கடையிலிருந்து பழைய ரெக்கார்டுகள் வாங்கினேன். போர் தண்ணீரில் கழுவிய பிறகு முன்னைவிட அதிகமாகப் பொரிகிறது. வெள்ளையாகப் படிந்தும் இருக்கிறது.
– வாசகர், பென்னாகரம்

குடத்தின் அடியில் படியும் அதே உப்புதான் தட்டின் கோடுகளிலும் படிந்திருக்கிறது. நம் மாவட்டத்து போர் தண்ணீர் ரெக்கார்டுக்கு ஆகாது.

750 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 250 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. நடு லேபிளில் படாமல் மைக்ரோஃபைபர் துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, தட்டு ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஈரத்தில் தூசி ஒட்டும். காய்ந்ததும் புது உள்ளுறையில் போடுங்கள். பழைய உறையில் போட்டால் அதே அழுக்கு திரும்ப வரும்.

அதற்கு முன் கட்டைப் பிரித்துப் பாருங்கள். கனமாக, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே ஓடும் 78 வேகத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும். அவற்றுக்கு அந்தக் கலவை கூடவே கூடாது, ஊசியும் வேறு.

கழுவியும் உச்சக்குரலில் மட்டும் கிறீச்சிட்டால் அது அழுக்கல்ல, தேய்மானம். கனத்த ஊசியில் திருவிழாதோறும் ஓடிய தட்டு அது. அதற்கு மருந்தில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் தட்டின் உறை ஓரம் கிழிந்தே வருகிறது. ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பயணத்தில் தட்டே உள்ளிருந்து முட்டிக் கிழிக்கிறது. தட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் பார்சல் வந்தால் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 60 டிகிரியை நெருங்கினால் வினைல் இளகி வளைந்துவிடும்.

கேள்வி: ஊசி தாவுகிறது. மேலே ஒரு ரூபாய் நாணயம் வைக்கலாமா?
– வாசகர், அரூர்

வேண்டாம். 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். பலரும் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ ஊசி தட்டின் மேல் அழுத்த வேண்டிய எடையே 2 கிராம்தான். நாணயம் சேர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தட்டு தேயும், ஊசியும் போகும். முதலில் ஊசி நுனியில் சுற்றியிருக்கும் பஞ்சை மென்தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் தட்டிவிடுங்கள். பிறகு மேசை மட்டமா என்று பாருங்கள். அதன் பிறகும் தாவினால், சிறிய டிஜிட்டல் ஊசித் தராசு வாங்கி, ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையில் உள்ள எடையைத் திருகி, ஊசியின் அழுத்தத்தை 2 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.