ஸ்கேல் எடுத்தாள் என்று மட்டும்தான் சொன்னேன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 47 வயது. கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், 74 வயது அம்மா ஆகியோருடன் மதுரையில் இருக்கிறேன். பிறந்து படித்தது சாத்தூர் பக்கம். 1993-இல் எங்களோடு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு ஊரில் ஒரு மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம். எங்கள் வகுப்பு டீச்சருக்கு எண்பது வயதுக்கு மேல். அவருக்குப் பொன்னாடை போர்த்தவும் ஏற்பாடு. குழுவில் சேர்ந்த முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிய நேரத்து ஜவ்வு மிட்டாய், மரத்தடி வகுப்பு, சைக்கிள் செயின் கழன்ற கதைகள் என்று விடிய விடியப் பேசினோம்.

அப்புறம் அவளைச் சேர்த்தார்கள். அவள் எங்களோடு பத்தாம் வகுப்பு எழுதவில்லை. ஒன்பதாவதிலேயே நின்றுவிட்டாள். நின்றதற்குக் காரணம் நான்.

1991 அக்டோபர். கன்னியாகுமரி சுற்றுலாவுக்குத் தலைக்கு 35 ரூபாய். நான் வகுப்புத் தலைவி. எட்டுப் பேர் கொடுத்த 280 ரூபாயைக் கைக்குட்டையில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் வகுப்பில் திறந்தால் பணம் இல்லை. கைக்குட்டை மட்டும் நீளவாக்கில் மூன்றாக மடித்து இருந்தது. எங்கள் வீட்டில் துண்டைக்கூட அப்படி மடிப்பவர் அப்பா ஒருவர்தான். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. மற்றபடி நல்லவர்தான்.

டீச்சர், "உன் பாக்ஸை யாரு தொட்டா?" என்று கேட்டார். "நேத்து சாயங்காலம் இவ ஸ்கேல் எடுத்தா டீச்சர்" என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினேன். ஸ்கேல் எடுத்தது உண்மை. அதை மட்டும்தான் சொன்னேன். அவளை எல்லோர் முன்னாலும் அடித்தார்கள். அவள் அம்மா வந்து அழுதார். தோட்டை அடகு வைத்து 280 ரூபாய் கட்டினார். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் கணவரோடு டிபன் கடை நடத்துகிறாள். மகள் நர்ஸ். டைப் அடிக்க வராது என்று குரல் பதிவாகத்தான் அனுப்புவாள். "நம்ம லீடர் வந்தாத்தான் நான் வருவேன்" என்று அனுப்பியிருந்தாள். போன வாரம் ஒருவன், "மண்டபக் காசை அவகிட்ட குடுத்துராதீங்கப்பா" என்று எழுதினான். நிறையப் பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "எங்கிட்ட இப்ப கல்லாப்பெட்டியே இருக்குப்பா" என்று பேசி அனுப்பினாள். அந்தப் பதிவை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். சிரிப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது.

பத்து நாளாகத் தூக்கம் இல்லை. அப்பா 2009-இல் இறந்துவிட்டார். நல்லவர்தான், அவர் பெயரை இழுக்க மனமில்லை. கணவர், "பழசைக் கிளறாதே" என்கிறார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாமா? இல்லை, எதுவும் சொல்லாமல் நட்புப் பரிசு என்று ஒரு மோதிரம் போட்டுவிட்டு வந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

34 வருஷமாக மனசுக்குள் சுமந்ததை எழுதியிருக்கிறீர்கள். முதலில் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில். மண்டபத்தில் காலில் விழ வேண்டாம். சொல்லாமல் மோதிரம் போடவும் வேண்டாம்.

எல்லோர் முன்னாலும் நீங்கள் அழுது காலில் விழுந்தால், அந்த நிமிடமே அவர் உங்களைத் தூக்கி நிறுத்தி, "பரவாயில்ல விடு" என்று சொல்லியாக வேண்டும். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் வேறு எதைச் சொல்ல முடியும்? கோபப்படக்கூட அவருக்கு இடம் இருக்காது. அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் பேச முடியாமல் நின்றவரை இன்னொரு முறை அப்படி நிறுத்த வேண்டாம். மோதிரம் எதற்காக வந்தது என்று தெரியாமல் அவர் போட்டுக்கொண்டால், உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இன்னொன்று கூடும், அவ்வளவுதான்.

சொல்லுங்கள், ஆனால் கூட்டத்துக்கு முன்பே, அவரிடம் மட்டும். அவர் பொன்னாடை விழாவில் அந்த டீச்சர் எதிரில் வந்து உட்காரப்போகிறார். வருவதா வேண்டாமா, வந்தால் எந்த மனநிலையில் வருவது என்பதை உண்மை தெரிந்த பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. பழைய காயத்தைத் தொட்டால் அந்தப் பெண்மணிக்கு வலிக்குமே என்று நினைக்கலாம். அவருக்கு மறந்துபோயிருந்தால் அது சரி. ஆனால் குழுவில் அந்தக் கிண்டல் வந்த நாளே அது கிளறப்பட்டுவிட்டது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வரும். உளவியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. நீங்கள் எல்லோரும் ஜவ்வு மிட்டாயை ருசியோடு நினைப்பதும் அதனால்தான். அதே வயதில் பட்ட அவமானமும் அவர் நினைவில் நிற்கக்கூடும்.

இன்னொன்றும் நடக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், ஆட்களுக்கு ஒரு கதையைப் படிக்கக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். 1932-இல் அதைப் புத்தகமாக எழுதினார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, சொல்பவருக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாறியது. உங்கள் குழுவிலும் இதுதான் நடக்கிறது. அடியும் அடகும் உதிர்ந்துபோய், "காசு எடுத்த பொண்ணு" என்ற ஒரு வரி மட்டும் நிற்கிறது. மண்டபத்தில் நாலு பேர் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டால், அன்று வகுப்பிலேயே இல்லாதவர்களுக்கும் அதுதான் உண்மையாகிவிடும். அதனால், எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே ஒன்று செய்யுங்கள். அந்தக் கிண்டலை எழுதியவரைத் தனியாக அழைத்து, "அவள் எடுக்கவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும், இனி அதைப் பேசாதே" என்று சொல்லுங்கள். முழுக் கதையும் அவரிடம் சொல்லத் தேவையில்லை.

"நின்றதற்குக் காரணம் நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் முழுதாக உடன்படவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் அந்த வருஷங்களில் விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்கும், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் ஏறிப்போவார்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்களை அந்தத் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக் கடன், அப்பா அம்மாவின் முடிவு, விசாரிக்காமல் கை ஓங்கிய பள்ளி, அதற்கு மேல் அடகுபோன தோடு என்று பல சேர்ந்து அவரை அந்த வண்டியில் ஏற்றியிருக்கலாம். ஆனால் இதை உங்கள் மனசுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். அவரிடம் பேசும்போது எடுக்காதீர்கள். அங்கே இது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு சிறிய கடிதத்தில் இரண்டு முறை "நல்லவர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 13 வயதில் அந்தக் கைக்குட்டையைப் பார்த்த கணத்திலிருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. குடிக்கிற அப்பா உள்ள வீடுகளில் மூத்த பிள்ளைகள் இப்படித்தான் வீட்டின் மானத்தைத் தலையில் சுமக்கிறார்கள். இப்போது அவர் இல்லை. பொய்ப்பழியைச் சுமந்தவர் உயிரோடு இருக்கிறார், உங்களுக்காகக் காத்திருப்பதாகக் குரல் அனுப்புகிறார். அப்பாவை இழுக்காமல் இந்த உண்மையைச் சொல்ல வழியில்லை, சகோதரி. அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், தெரிவித்தால் போதும். ஊரில் யாரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது. அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கவும் கூடும்.

தோழியிடம் பேசும்போது சுற்றி வளைக்காதீர்கள். "அந்த 280 ரூபாயை நீ எடுக்கலை. எங்க அப்பா எடுத்தார். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் உன்னைக் காட்டினேன்." இந்த நாலு வரி போதும். "சின்ன வயசு, தெரியாம பண்ணிட்டேன்" என்று சேர்க்காதீர்கள். தெரிந்துதான் செய்தீர்கள், அது உங்களுக்கே தெரிந்ததால்தான் தூக்கம் போனது. மன்னித்துவிடு என்று கேட்காதீர்கள், வருத்தத்தைச் சொல்லுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம், அதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் சரி. அவர் திட்டினால் கேளுங்கள். போனை வைத்துவிட்டால் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் டீச்சருக்கும் இது தெரிய வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டும் என்றால் குழுவில் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். பணப் பேச்சு முதல் நாளே வேண்டாம். அவர் அம்மாவின் தோடு மீட்கப்பட்டதா என்று என்றாவது கேட்க வாய்த்தால், அன்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குரல் பதிவை இனிமேல் கேட்காதீர்கள். அந்தச் சின்ன இடைவெளியில் அவர் தோசையைத் திருப்பிக்கூடப் போட்டிருக்கலாம். அதற்கு அர்த்தம் தேடித் தேடித்தான் உங்கள் இரவுகள் போகின்றன. பேசிய பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் (டெலி மானஸ்) தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

நேரில் போக முடிந்தால் நல்லது. மதுரையிலிருந்து சாத்தூர் போய்த் திரும்ப ஒரு பகல் போதும். காலையில் போகாதீர்கள், டிபன் கடையில் அது மூச்சுவிட நேரமில்லாத பொழுது. மதியம் மூன்று மணிக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்து அவர் உட்காரும் நேரமாகப் பார்த்து, வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.